செவ்விளக்கு பொய்யுரைக்குமோ?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலியை நிறைவேற்றிவிட்டு நாம் வெளியே வந்தபோது, கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் கார் ஒன்று மாலையிட்டு நின்றிருந்தது. நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கிய பழைய கார் அது. வாங்கிய கையோடு பட்டணத்துக் கடையொன்றில் விட்டு, தம் மனம்போல் அழகுபடுத்தியிருந்தார். முகப்பில் கூடுதலாக நான்கு வெள்ளை விளக்குகள்; காலடியில் நீல ஒளி; இருக்கைகளுக்குப் புதிய உறை; ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பாட்டுக்கென ஒரு ஆம்ப்ளிஃபையர்; எதிரே கண்ணாடியில் ஒரு செபமாலை. மறுநாள் விடியற்காலையில் தாயார், மனைவி, நான்கு வயது மகளுடன் வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போவதாகவும், அதற்குமுன் வண்டியை மந்திரித்துத் தரவேண்டுமென்றும் கேட்டார்.

செபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளிக்க உள்ளே குனிந்தபோதுதான் அதைக் கண்டோம். ஓட்டுநருக்கு எதிரேயுள்ள மீட்டர் கண்ணாடியின்மேல் விரல்நகம் அளவில் ஒரு கறுப்பு நாடா ஒட்டியிருந்தது.

"தம்பி, இது என்ன?" என்றோம்.

"ஒண்ணுமில்லை சாமி. ஒரு விளக்கு சும்மா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ராத்திரியில கண்ணை உறுத்துது. கடைக்காரரே டேப் ஒட்டிக் கொடுத்துட்டார்."

"என்ன விளக்கு?"

"ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியும், அவர் முன்னாடி ஒரு வட்டமும் போட்டிருக்கும் சாமி. சிவப்பு விளக்கு."

விபத்தின்போது விரிந்து உயிர் காக்கவேண்டிய காற்றுப்பையில் ஏதோ கோளாறு என்று அறிவிக்கும் விளக்கு அது! அதைத்தான் மூடிவைத்துவிட்டு, ஒரு குடும்பம் மாதாவின் திருத்தலத்துக்குப் புறப்பட இருந்தது. தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தோம். அந்த இளைஞரைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. கடிந்துகொள்ளும் உரிமை நமக்கு இருக்கவுமில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்வோம். முதலில் இந்த விளக்குகளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். இன்று நம் பங்குகளில் கார் வைத்திருப்போர் பலர். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போரும் பலர்.

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் ஆயர் இல்லத்தில் ஓர் அம்பாசிடர் வண்டி நிற்கும். அதன் முகப்பில் இரண்டு மூன்று எச்சரிக்கை விளக்குகளே இருந்தன. இன்றைய வண்டிகளிலோ எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று எனப் பல சிறு கணினிகள் உள்ளன. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை அதே ஆண்டு ஜூலை முதலும் நம் நாட்டில் கட்டாயமாயின. இக்கணினிகள் தம் பொறுப்பிலுள்ள உறுப்புகளை ஓயாது கண்காணிக்கின்றன. குறை கண்டால் ஓட்டுநருக்கு விளக்கேற்றிச் சொல்கின்றன.

நிறத்துக்கும் பொருள் உண்டு. பச்சையும் நீலமும் செய்தி மட்டுமே சொல்பவை. மஞ்சள், விரைவில் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காட்டு என்கிறது. சிவப்போ உடனே கவனி என்கிறது. எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு, பிரேக் போன்றவற்றில் சிவப்பு எரிந்தால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுவதே முறை.

இன்னுமொன்று. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடுமுன் எச்சரிக்கை விளக்குகளில் பெரும்பாலானவை ஒருங்கே எரிந்து சில விநாடிகளில் ஒவ்வொன்றாய் அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அலங்காரமன்று. "நாங்கள் உயிரோடிருக்கிறோம், வேண்டும்போது எரிவோம்" என்று அவை தம்மைத் தாமே சோதித்துக்காட்டும் நேரம் அது. எரிந்து அணையாத விளக்கு கவலைக்குரியது. எரியவே எரியாத விளக்கு அதைவிடக் கவலைக்குரியது.

நிற்க. வெளிக்கடையில் விளக்கும் ஹாரனும் பொருத்தினால் இந்த எச்சரிக்கை விளக்குகள் ஏன் எரியவேண்டும்? காரணங்கள் பல. ஐந்தை மட்டும் சொல்வோம்.

முதலாவது, மின்சுமை. வண்டியின் மின்சாரத்தை ஆக்குவது ஆல்டர்னேட்டர். பழைய ஓட்டுநர்கள் டைனமோ என்பார்கள். அது ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் தருகிறது. அதன் ஆற்றல் வண்டியோடு பிறந்த உறுப்புகளைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டது. முன்விளக்குக்கு நிறுவனம் தரும் சாதாரணப் பல்பு 60/55 வாட். அதைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பு போடுவோர் உண்டு. அதற்குமேல் தனி விளக்குகளும் வைப்பர். 100 வாட் விளக்கு இரண்டென்றால் 12 வோல்ட் கணக்கில் ஏறத்தாழ 17 ஆம்பியர் மின்னோட்டம் கூடுதலாகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரால் இத்தனையும் ஈடுசெய்ய இயலாது. வோல்ட் தாழ்கிறது. பிரேக் கணினியும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்டியரிங்கும் தமக்கு வேண்டிய வோல்ட் கிடைக்காமல் விலகி நின்று விளக்கை எரிக்கின்றன. பிரேக்கைப் பிரித்துப் பார்த்தால் அங்கே குறையிராது. குறை மின்சாரத்தில் இருக்கும்.

இரண்டாவது, மின்சுமைக் குறைவு. இது வியப்பாய்த் தோன்றும். திரும்பும் திசை காட்டும் இண்டிகேட்டர் பல்பு வழக்கமாய் 21 வாட். அதற்குப் பதில் சில வாட்டே உண்ணும் எல்.இ.டி. பல்பைப் போட்டால், மின்னோட்டம் குறைவதைக் கண்ட வண்டி "பல்பு எரிந்துபோயிற்று" என்று முடிவுசெய்கிறது. இண்டிகேட்டர் படபடவென விரைந்து சிமிட்டும். சில வண்டிகளில் பல்பு பழுது விளக்கும் எரியும். இதை ஏய்க்க ஒரு மின்தடையைச் சேர்த்துக் கட்டுவார்கள். அம்மின்தடை தொட்டால் சுடுமளவுக்குக் கொதிக்கும். அதைப் பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டிவைத்தால் நேரக்கூடியதைச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது, எர்த். புதிய விளக்கின் எர்த் வயரைக் கைக்கு எட்டிய போல்ட்டில் முறுக்கிவிடுகிறார்கள். அது ஏதேனும் ஒரு கணினியின் எர்த்தாகவும் இருக்கலாம். விளக்கின் பெரும் மின்னோட்டம் அவ்வழியே திரும்பும்போது, அக்கணினி தன் சென்சார்களின் அளவுகளைப் பிழையாகப் படிக்கிறது.

நான்காவது, அறுத்து முறுக்கிய வயர். இன்றைய வண்டிக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'கான்' எனப்படும் இரு கம்பித் தொடர்பு முறை பெரும்பாலும் பயன்படுகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறை அது. ஒன்றோடொன்று முறுக்கிச் செல்லும் மெல்லிய இரு கம்பிகள் வழியே விநாடிக்குப் பல்லாயிரம் குறிகள் ஓடுகின்றன. வேறு வயரென்று எண்ணி ஒருவர் அதைச் சுரண்டி, அதிலிருந்து ஒரு விளக்குக்கு மின்சாரம் எடுத்தாரானால், அந்தப் பேச்சு குழறிவிடும். பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து விளக்குகள் ஒருங்கே எரியக் காணலாம்.

ஐந்தாவது, மஞ்சள் கப்ளர். காற்றுப்பைக்கும், விபத்தில் இருக்கைப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் கருவிக்கும் செல்லும் இணைப்புகளை எவரும் அறியாமல் தொட்டுவிடாதிருக்க மஞ்சள் நிறத்தில் அமைத்திருப்பர். அவற்றில் சில முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே உள்ளன. இருக்கை உறை மாட்டும்போதும், அடியில் ஆம்ப்ளிஃபையர் வைக்கும்போதும் அது இழுபட்டுத் தளர்ந்துவிடுகிறது. கணினி அவ்விணைப்பில் மிகச்சிறு மின்னோட்டத்தை ஓயாது செலுத்திச் சோதிப்பதால், துண்டிப்பை உடனே அறிந்து சிவப்பு விளக்கை எரிக்கிறது. அந்நிலையில் பல வண்டிகளில் காற்றுப்பை அமைப்பு முழுவதுமே செயல்படாதிருக்கக்கூடும். விபத்தில் காற்றுப்பை விரிந்து முடிய விநாடியில் 20இல் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நொடிப்பொழுதில் அது விரியாவிட்டால் பின்பு விரிந்து பயனில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. விபத்தில் காற்றுப்பை ஒருமுறை விரிந்துவிட்ட வண்டியில் புதிய பையை வைக்கச் செலவாகும் என்று, அதற்குப் பதிலாக ஒரு சிறு மின்தடையை இணைத்துவிடுகிறார்கள். கணினி பை இருப்பதாக நம்பி விளக்கை அணைத்துவிடுகிறது. வேறு சிலர் காற்றுப்பை விளக்கையே பிடுங்கிவிட்டு, அதை வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். வாங்குபவருக்கு எல்லாம் ஒழுங்காய்த் தோன்றும். வாசகர்களே, இது அயலானின் உயிரோடு சொல்லும் பொய். ஐந்தாம் கட்டளைக்கும் எட்டாம் கட்டளைக்கும் ஒருங்கே விரோதமான செயல்.

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் பங்கின் டீசல் வண்டி 2015இல் வாங்கியது. கிளைக் கிராமங்கள் 7. கண்மாய்க் கரைகளும் கருவேலங்காடுகளும் நடுவே. இரவில் நோயாளிகளைச் சந்திக்கப் போகையில் வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் விளக்குகள் இரண்டைப் பொருத்தச் செய்தோம். தேர்ப்பவனிகளின்போது செபமாலை சொல்ல ஒலிபெருக்கிக்கும் அதே வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்தோம். வேலை செய்தவர் கைதேர்ந்தவரென்றுதான் பெயர். இருந்த வயரை அறுத்து முறுக்கி, கறுப்பு நாடா சுற்றி, அரைநாளில் முடித்துக் கொடுத்தார்.

அன்று தொட்டு, விளக்குகளைப் போடும்போதெல்லாம் ஏ.பி.எஸ். விளக்கு மஞ்சளாய் எரிந்தது. வண்டி மெதுவாய் ஓடும்போது பாட்டரி விளக்கு சிவப்பாய் மினுக்கியது. கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "எக்ஸ்ட்ரா லைட் போட்டா அப்படித்தான் சாமி. கண்டுக்காதீங்க." நாமும் கண்டுகொள்ளவில்லை. முதல் வாரம் அந்த விளக்கு நம்மை உறுத்தியது. இரண்டாம் மாதம் அது இருப்பதே நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

2023 நவம்பர் முதல் வாரம். இறந்தோரின் ஆன்மாக்களுக்காகத் திருச்சபை சிறப்பாக வேண்டிக்கொள்ளும் மாதம். வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பட்டணத்தில் குருக்கள் கூட்டம் முடிந்து மாலை இருட்டிய பின் வண்டியில் திரும்பினோம். வழி முழுவதும் பாட்டரி விளக்கு எரிந்தது. அன்று அது மினுக்கவில்லை, நிலையாய் எரிந்தது. அந்த வேறுபாட்டை நம் கண் கண்டது, மனம் பொருட்படுத்தவில்லை.

இரவு 10 மணிக்குக் கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே ஒரு மூதாட்டி. நாம் இப்பங்கிற்கு வந்த நாள் முதல், ஞாயிறுதோறும் முதல் வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர். மூச்சுத் திணறுகிறது, நினைவிருக்கிறது, சாமியைக் கேட்கிறார் என்றார் மகன். நோயில்பூசுதலுக்கான எண்ணெயும் வழியுணவாக நற்கருணையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். தூரம் 14 கிலோமீட்டர். கொட்டும் மழையில் எல்லா விளக்குகளையும் போட்டோம். துடைப்பான்கள் ஓடின. சிவப்பு விளக்கு நம் முன்னே எரிந்துகொண்டேயிருந்தது.

ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். முன்விளக்குகள் மங்கின. துடைப்பான் தயங்கித் தயங்கி நின்றது. மீட்டரிலுள்ள விளக்குகள் அத்தனையும் ஒருமுறை எரிந்து அணைந்தன. எஞ்சின் நின்றது. கண்மாய்க் கரையில் கும்மிருட்டு. கைபேசிக்கு அங்கே தொடர்பில்லை.

நடந்தது இதுதான். ஆல்டர்னேட்டரின் கரிப் பிரஷ்கள் தேய்ந்து, அன்று மாலையே அது மின்சாரம் ஆக்குவதை நிறுத்திவிட்டது. அதைத்தான் செவ்விளக்கு சொல்லிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் பாட்டரியில் சேர்ந்திருந்ததைக் கொண்டே பட்டணத்திலிருந்து வந்திருக்கிறோம். மீதியைக் கொண்டு இரவிலும் கிளம்பியிருக்கிறோம். கூடுதல் விளக்குகளுக்கு 17 ஆம்பியர், முன்விளக்குகளுக்கு 9, துடைப்பான், எஞ்சின் கணினி முதலியவற்றுக்கு மேலும் பத்துக்குமேல். மணிக்கு 35, 40 ஆம்பியர் என்று இறைத்தால் 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி எத்தனை நேரம் தாங்கும்? பழைய டீசல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம் இன்றியும் ஓடும். இன்றைய எஞ்சின்கள் அப்படியல்ல. கணினிக்கு உயிர் போனால் எஞ்சினுக்கும் உயிர் போயிற்று.

உபதேசியாரும் நாமும் மழையில் நடந்தோம். வழியில் பால் வண்டிக்காரர் ஒருவர் தம் இருசக்கர வாகனத்தில் நம்மை ஏற்றிச் சென்றார். அவ்வீட்டை அடைந்தபோது மணி நள்ளிரவைத் தாண்டியிருந்தது. வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் புரிந்துகொண்டோம். மூதாட்டி அரைமணி நேரத்துக்குமுன் கண்மூடியிருந்தார். ஊரிலிருந்த செவிலியர் ஒருவர் பார்த்து உறுதிசெய்துவிட்டார். இறந்தாரோ இல்லையோ என்ற ஐயமிருந்தால் நோயில்பூசுதல் வழங்கவேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. அந்த ஐயத்துக்கும் அங்கே இடமில்லை. எண்ணெய்ச் சிமிழ் நம் பையிலேயே இருந்தது. முழந்தாளிட்டு, இறந்தோருக்கான செபங்களைச் சொன்னோம்.

மகன் நம் நனைந்த அங்கியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லை சாமி. இந்த மழையிலயும் வந்துட்டீங்களே. ஆத்தா கடைசி வரைக்கும் வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருந்துச்சு."

அவர் நம்மைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

இறைவனின் இரக்கம் திருவருட்சாதனங்களின் எல்லைக்குள் கட்டுப்பட்டதன்று. அம்மூதாட்டி அவர்தம் கரங்களில் இருக்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ஒரு தாய் கடைசியாய்க் கேட்ட ஒன்றை நம்மால் கொடுக்கமுடியாமற் போயிற்று. அடுத்த ஞாயிறு நவம்பர் 12. திருப்பலியில் அன்றைய நற்செய்தி பத்துக் கன்னியர் உவமை. அறிவிலிக் கன்னியரிடம் எண்ணெய் இல்லாமற் போயிற்று. நம்மிடமோ விளக்கு மிகுதியாயிருந்தது. அந்த மிகுதியே நம்மை இருட்டில் நிறுத்திற்று. பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு அமர்ந்தோம்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கற்றது இதுவே: பொய்யாய் எரியும் விளக்கால் விளையும் பெரிய தீங்கு, அது நம்மை வீணாய் அச்சுறுத்துவது அன்று. உண்மையாய் எரியும் நாளிலும் அதை நம்பாதிருக்க நம்மைப் பழக்கிவிடுவதே அதன் தீங்கு. உண்மையில் விளக்கு பொய் சொல்லவுமில்லை. "மின்சாரம் போதவில்லை" என்றுதான் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பொய்யென்று பெயரிட்டவர்கள் நாம்.

ஆகவே சில நடைமுறை அறிவுரைகள். இவற்றைக் குடும்பத் தலைவர்களும், ஓட்டுநர் தொழில் செய்யும் நம் இளைஞர்களும் மனத்திற் கொள்வார்களாக.

கூடுதல் விளக்கு வேண்டுமானால், அதற்கான மின்சாரத்தைப் பாட்டரியிலிருந்தே தனி வயரில் எடுக்கவேண்டும். பாட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் வேண்டும். நடுவில் ஒரு ரிலே வேண்டும். எர்த்தும் தனியே இருக்கவேண்டும். வயரை அறுக்கவிடாதீர்கள், கப்ளருக்குக் கப்ளர் பொருந்தும் இணைப்புகள் கிடைக்கின்றன. 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி எரிகிறதென்று 20 போடுவது, விளக்கின்மேல் நாடா ஒட்டுவதற்கு உடன்பிறப்பு. ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

விளக்கு எரிந்தால் ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியில் பதிந்துள்ள குற்றக்குறி, தேடத் தொடங்கவேண்டிய இடத்தைக் காட்டும். குறியை அழிப்பது வேறு, குறையைத் தீர்ப்பது வேறு. அழித்ததும் அணைந்த விளக்கு மறுநாள் எரியுமானால் குறை அங்கேயே இருக்கிறது. முக்கியமாக, வண்டியில் எங்கெங்கே எதையெதைச் சேர்த்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், பழுதுபார்ப்பவர் நல்ல உறுப்புகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பார்; பணமும் போய்க் குறையும் நிற்கும். சேர்த்தவற்றை ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

பழைய வண்டி வாங்குவோர், சாவியைத் திருப்பிக் காற்றுப்பை விளக்கு எரிகிறதா, சில விநாடிகளில் தனியே அணைகிறதா என்று பார்க்கவேண்டும். எரியவே இல்லையென்றாலோ, வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைகிறதென்றாலோ, ஐயுறுங்கள். மின்தடை வைத்து ஏய்த்திருந்தால் விளக்கு ஒழுங்காகவே எரிந்து அணையும். ஆதலால் பெரிய விபத்துக்குள்ளான வண்டியா என்பதையும் தேர்ந்தவரைக் கொண்டு சோதித்துக்கொள்வது நன்று. சட்டத்தையும் மறவாதீர்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று மாறுபடுத்தலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

வண்டியைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் மனச்சான்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விட்டால் அது நம் அழைத்தலுக்கு அடுக்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 16ஆம் எண்ணில் மனச்சான்றைப் பற்றிப் பேசுகிறது. பாவப் பழக்கத்தால் அது மெல்ல மெல்லக் குருடாகிவிடக்கூடும் என்றும் அங்கே எச்சரிக்கிறது. மெல்ல மெல்ல என்பதே அஞ்சவேண்டியது. முதல் வாரம் உறுத்திய விளக்கு இரண்டாம் மாதம் கண்ணுக்குத் தெரியாமற் போவதில்லையா?

ஆனால் அறுத்து முறுக்கிய அயல் வயர்கள் மனச்சான்றிலும் உண்டு. "இந்தச் செபத்தை 11 பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் தீங்கு வரும்" என்று கைபேசியில் வரும் செய்தியைக் கண்டு நடுங்கும் தாய்மாரைக் கோவில் திண்ணையில் பார்த்திருக்கிறோம். அதே வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதக் கூலி நிற்கும்; அதற்கு எந்த விளக்கும் எரிவதில்லை. கடவுள் வைக்காத வயரிலிருந்து வரும் அச்சம் ஓயாது எரிந்துகொண்டிருப்பதால், கடவுள் வைத்த விளக்கு எரிவது தெரியாமற் போகிறது.

புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் தவமிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் நினைத்து மனம் வெதும்பினார். எந்த விளக்கு உண்மையாய் எரிகிறது, எது வீணாய் எரிகிறது என்று பகுத்தறியும் கலையை அத்துன்பத்தில்தான் அவர் கற்றார். அவர் தம் சபையாருக்குக் கற்பித்த நாள்தோறும் ஆன்ம சோதனையும், சாவியைத் திருப்பி விளக்குகளைப் பார்க்கும் சில விநாடிகளைப் போன்றதே. எல்லா விளக்கும் எரிகிறதா, எரிந்தபின் எது அணையவில்லை என்று பார்க்க இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் போதும். அணையாத விளக்கிருந்தால், சேர்த்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது.

மீண்டும் வேப்பமரத்தடிக்கு வருவோம். அந்த இளைஞரிடம் மேற்கண்ட கதையைத்தான் சொன்னோம். கேட்டு முடிந்ததும் அவராகவே நாடாவை உரித்தெடுத்தார். அவர் தாயார், "மாதா ஒரு நாள் பொறுத்துக்குவாங்க, வண்டியைப் பார்த்துட்டுப் போவோம்யா" என்றார். திங்களன்று ஒர்க்ஷாப்பில் பார்த்தபோது, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபையரை முடுக்கியபோது மஞ்சள் கப்ளர் இழுபட்டுத் தளர்ந்திருப்பது தெரிந்தது. பாட்டரியை முறைப்படி துண்டித்துவிட்டு அதைச் செம்மையாய்ப் பொருத்தினார்கள். ஆம்ப்ளிஃபையரைப் பின்பெட்டிக்கு மாற்றித் தனி ஃபியூஸ் வைத்தார்கள். குறியை அழித்தபின் சாவியைத் திருப்ப, சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. வேலை ஒரு மணி நேரமும் ஆகவில்லையாம்.

செவ்வாய் விடியற்காலை அவர்கள் மீண்டும் கோவில் வாசலில் நின்றார்கள். நாம் சாவியைத் திருப்பச் சொல்லி, விளக்குகள் எரிந்து ஒவ்வொன்றாய் அணைவதைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்து தீர்த்தம் தெளித்தோம். சிறுமி பின்னிருக்கையிலிருந்து கையசைத்தாள்.

நம் பங்கின் வண்டியில் இப்போது கூடுதல் விளக்குகள் இல்லை. முன்விளக்குகளின் வெளிச்சம் முன்போலவே குறைவுதான்; ஆதலால் மெதுவாய்ப் போகிறோம். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளை மந்திரிக்கும்போது, அந்த மூதாட்டியின் கல்லறையில் மட்டும் சற்றுக் கூடுதலாய் நிற்கிறோம். ஆண்டவர் அவருக்கு முடிவில்லா ஒளியைத் தந்தருள்வாராக. நமக்கு, முன்னே எரியும் விளக்கைப் பார்க்கும் கண்களைத் தந்தருள்வாராக.